பன்னிரண்டு வீடுகளுக்குப் போன கடிதம்

பொதுத் தேர்தலுக்குப் பதினொரு நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டன் பிளேஸ்டோவில் அஜந்தாவின் வீட்டுக்கு வந்த தவமலர் உட்காரக்கூட இல்லை. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

அஜந்தா இருபது வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். வேலையை விட்ட பிறகு தமிழ்க் குடும்பங்களின் சிக்கல்களை அவிழ்த்துக் கொடுத்துவந்தாள். அவளைக் காரில் கூட்டிக்கொண்டு திரியும் ரதீசன் மினிகாப் ஓட்டுபவன். தன்னைப் பாதித் துப்பறிவாளன் என்றே நினைத்திருந்தான். அவளும் அதை மறுத்ததில்லை.

தமிழ் மன்றத் தலைவி தவமலர் விஷயத்தைச் சொன்னார். எந்தக் கட்சியின் பொருளாதாரக் கொள்கை நல்லது என்று இன்று நாலு மணிக்கு விவாதம். தொழிற்கட்சிக்காக மருந்துக்கடை வைத்திருக்கும் அருள்நாயகி பேசுகிறார். கன்சர்வேட்டிவ் கட்சிக்காக, தமிழ்நாட்டிலிருந்து வந்து வங்கியில் வேலை செய்யும் சுந்தரராஜன். மண்டபத்தில் ஒரு கல்யாணம் குறுக்கிட்டதால், கூட்டத்தை ஒரு நாள் தள்ளிவைத்துப் போன செவ்வாய்க்கிழமையே வாட்ஸ்அப் குழுவில் அறிவித்திருந்தார்கள். அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமைத் தபால் முத்திரையோடு இந்தக் கடிதம் மன்ற உறுப்பினர்களின் பன்னிரண்டு வீடுகளுக்குப் போயிருந்தது.

ரதீசன் எட்டிப் பார்த்து வாசித்தான்.

"அகதியாக வந்து பெனிபிட்டில் வளர்ந்தவர்களுக்கு வரிக் கொள்கை பற்றி என்ன தெரியும்? தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பெறுமதி சேர் வரி போடுவோம் என்று தொழிற்கட்சி சொன்னால் கைதட்டுவீர்கள். உங்கள் பிள்ளைகளா அங்கே படிக்கப்போகிறார்கள்? சனிக்கிழமை இதையே உங்கள் முகத்துக்கு நேரே சொல்வேன். சுந்தரராஜன்."

ரதீசனுக்குக் காது சூடேறியது. ஒன்பது வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவன் அவன். அரசு கொடுத்த அந்த பெனிபிட் பணத்தில்தான் அவனுடைய முதல் பள்ளிச் சப்பாத்தும் வந்தது.

தான் எழுதவில்லை என்று சுந்தரராஜன் சத்தியம் பண்ணுகிறாராம். ஆனால் ஒருவர் கடிதத்தை அவருடைய வங்கிக்கே அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார். மனிதருக்கு வேலையே போய்விடலாம்.

மன்றத்தில் யாருக்காவது மனக்குறை உண்டா என்று அஜந்தா கேட்டாள். தவமலர் சற்று யோசித்தார். கன்சர்வேட்டிவ் பக்கம் பேச அப்டன் பார்க்கில் பலசரக்குக்கடை வைத்திருக்கும் கொட்வினும் கேட்டிருந்தார், கிடைக்காத கோபத்தில் இரண்டு வாரத்துக்கு முன்பே வாட்ஸ்அப் குழுவை விட்டு விலகிவிட்டார், ஆனால் அவரும் அதே கட்சிக்காரர்தானே என்றார்.

காரில் ஏறியதும் ரதீசன் தன் முடிவைச் சொன்னான். சுந்தரராஜன் எழுதவில்லையென்றால் அருள்நாயகியின் ஆட்கள்தான். எதிராளி விழுந்தால் அவர்களுக்குத்தானே லாபம்?

"எதிராளி விழுந்தா அந்தக் கதிரை வெறுமையா இருக்காது, இன்னொருத்தர் வந்து இருப்பார், ரதீசன்," என்று மட்டும் சொன்னாள் அஜந்தா.

வெஸ்ட் ஈலிங் வீட்டில் சுந்தரராஜன் சவரம்கூடச் செய்யாமல் இருந்தார். "நான் ஏன் மேடம் இப்படி எழுதப்போறேன்? என் மனைவியே இன்னிக்குப் போக வேண்டாம்னு சொல்றா," என்றார். அஜந்தா அவர் பேச்சுக்கு எழுதிய குறிப்பைக் கேட்டு வாங்கினாள். நாலு பக்கம், கையெழுத்தில். 'பள்ளிகளுக்கு இருபது சதவீத மதிப்புக் கூட்டு வரி' என்ற தலைப்பில் அவள் விரல் சற்று நின்றது. பிறகு, கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லி எழுந்தாள்.

மண்டபத்துக்கு வந்ததும் ரதீசனைக் காவலாளியிடம் அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டுவரச் சொன்னாள். அவன் திரும்பியபோது முகம் மலர்ந்திருந்தது.

மூன்றரை மணிக்கு மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் தவமலர், அருள்நாயகி, சுந்தரராஜன், கொட்வின் நால்வரும் கூடினார்கள். கொட்வின் கோட்டும் டையும் அணிந்திருந்தார். தேவைப்பட்டால் பேசத் தயார் என்று வந்ததுமே தவமலரிடம் சொல்லியிருந்தார்.

அஜந்தா நிதானமாகத் தொடங்கினாள். "வரியின்ரை பேரைப் பாருங்கோ. பெறுமதி சேர் வரி எண்டு சொல்லுறது இலங்கை ஆக்கள் நாங்கள். தமிழ்நாட்டிலை மதிப்புக் கூட்டு வரி எண்டுதான் சொல்லுவினம். இவரின்ரை குறிப்பிலையும் அப்பிடித்தான் கிடக்கு. அப்ப, கடிதம் எழுதினது எங்கடை ஆள் ஒருத்தர்."

அருள்நாயகி நிமிர்ந்தார். "அப்ப என்னையோ சொல்லுறியள்?"

"இல்லை. கடிதத்திலை சனிக்கிழமை எண்டு கிடக்கு. கோவத்திலை ஒருத்தரும் கவனிக்கேல்லை. வெள்ளிக்கிழமை தபாலிலை போட்டவருக்குக் கூட்டம் ஞாயிறுக்கு மாறினது தெரியாது. உங்கள் மூண்டு பேருக்கும் செவ்வாயே தெரியும். குழுவிலை இல்லாதவருக்குத்தான் தெரியாது."

எல்லோரும் கொட்வினைப் பார்த்தார்கள். தன் பங்கு வந்துவிட்டதை உணர்ந்த ரதீசன் தொண்டையைச் செருமினான். நேற்று நாலு மணிக்குக் கோட்டுப் போட்ட ஒருவர் கல்யாணத்துக்குள் நுழைந்து விவாதம் எங்கே என்று கேட்டதாகவும், ஞாயிறு என்று அறிந்து திரும்பிப் போனதாகவும் காவலாளி சொன்னதைச் சொன்னான். வாசலில் நிற்கும் காவலாளிக்கு அந்த முகம் நினைவிருக்கிறதாம்.

கொட்வின் டையைத் தளர்த்தினார். "இருபத்தாறு வருசம் இந்த ஊரிலை கடை நடத்தினனான்," என்றார். "வரியும் வாடகையும் என்ன செய்யும் எண்டு என்ரை உடம்புக்குத் தெரியும். என்னை விட்டிட்டு, மாதச் சம்பளக்காரரைக் கூப்பிட்டியள். இவர் வராட்டில் என்னைத்தான் கேப்பியள் எண்டு நினைச்சன்."

"அதுக்காக அகதி எண்டு எங்களையே பேசினியளோ, அண்ணை? நீங்களும் அப்பிடித்தானே வந்தனீங்கள்?" என்றார் அருள்நாயகி. அவர் குரல் உயரவில்லை. கொட்வின் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு வீட்டுக்காரரும் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் நீங்களேதான் சொல்லவேண்டும் என்றாள் அஜந்தா.

நாலு மணிக்குக் கொட்வின் ஒலிவாங்கி முன் நின்றார். கடிதத்தை எழுதியது தான் என்றும், அதிலிருந்த பெயருக்குரியவர் குற்றமற்றவர் என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மண்டபம் கொந்தளித்தது. பின்வரிசையில் இருவர் எழுந்து வெளியே போனார்கள். வங்கிக்கு எழுதுவேன் என்றவர் முன்னால் வந்து சுந்தரராஜனின் கையைப் பிடித்தார்.

சுந்தரராஜன் மேடையேறினார். கொட்வினைப் பார்க்கவில்லை. குறிப்பை விரித்து, வரி கூடினால் வளர்ச்சிக்கு என்ன ஆகும் என்று தெளிவான குரலில் பேசத் தொடங்கினார். அருள்நாயகி பேனாவைத் திறந்து, அவருடைய முதல் கணக்கிலேயே ஒரு பிழையைக் குறித்துக்கொண்டார்.

ரதீசன் கடைசி வரிசையில் அஜந்தாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தான். எந்தக் கட்சிக்குப் போடுவது என்று அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேட்டுவிட்டே போவது என்று கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான்.