மூவாயிரம் வருசத்துக் கருவாடு

தன்னைப் பயமுறுத்தக்கூடிய படம் இந்த உலகத்தில் இன்னும் எடுக்கப்படவில்லை என்று தங்கப்பாண்டி அறிவித்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. உலகத்தில் எடுத்த பேய்ப் படங்களில் அதுவரை நான்கு பார்த்திருந்தான்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். அவன் சித்தப்பா மகள் நாகலெட்சுமி, ஐந்தாம் வகுப்பு. அவள் தம்பி அய்யப்பன், ஒன்றாம் வகுப்பு.

“இப்ப நிரூபிக்கிறேன் பாருங்க,” என்ற தங்கப்பாண்டி, தன் அய்யாவின் செல்போனைக் கொண்டுவந்து நாகலெட்சுமி வீட்டு அடுப்படியில் கருவாட்டுப் பானைமேல் சாய்த்து வைத்தான். ஞாயிற்றுக்கிழமை, நல்ல மத்தியான வெயில்.

படம் கறுப்பு வெள்ளை. ரொம்பப் பழசு. எகிப்தில் ஒரு ராஜாவின் மம்மியைப் பெட்டியோடு தோண்டி எடுக்கிறார்கள். உடம்பு முழுக்கத் துணி சுற்றியிருக்கிறது.

“இதுக்கா பயப்படுவாங்க? கட்டுப் போட்ட ஆளு. எங்கிட்டாவது பைக்குல இருந்து விழுந்திருப்பான்,” என்றான் தங்கப்பாண்டி.

மம்மி ஒரு கண்ணைத் திறந்தது.

தங்கப்பாண்டியின் கால் தானாக உதைத்துக்கொண்டதில் செல்போன் கவிழ்ந்தது. கொசு கடித்துவிட்டது என்று சொல்லி அவன் அதை நிமிர்த்தி வைத்தபோது, மம்மி பெட்டியை விட்டு இறங்கியிருந்தது. அய்யப்பன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அய்யப்பனின் தண்ணீர் பாட்டில் பள்ளியிலிருந்து அப்படியே நிரம்பி வந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். உப்பூர்ப் பக்கத்து வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஒரு நாள் இருப்பதே பெரிய காரியம். புதன்கிழமை காலை வழிபாட்டில், பாட்டு முடிவதற்குள் அய்யப்பன் மயங்கி உட்கார்ந்துவிட்டான்.

“தண்ணி ஏன்லே குடிக்கல?” என்று நாகலெட்சுமி கேட்டாள்.

“குடிச்சா ஒண்ணுக்கு வரும்.”

“வந்தா போ.”

“அங்கன அவன் நிக்கிறான்க்கா.”

அங்கன என்றால் பள்ளிக் கழிப்பறை. ஜன்னல் கிடையாது. கதவைத் தொட்டால் ‘கிரீச்’ என்று அலறும். உள்ளே எப்போதும் இருட்டு. ஒரு மம்மி தங்குவதற்கு எல்லா வசதியும் இருந்தது.

“மம்மியெல்லாம் இங்க வராதுடா.”

“பெட்டியிலருந்தே வந்துச்சே!”

நாகலெட்சுமி தங்கப்பாண்டியிடம் போனாள். மூவருக்கும் ஒரே பள்ளிக்கூடம்தான்.

“அண்ணே, தம்பி கூட ஒரு தடவ பாத்ரூம் வரைக்கும் போய்ட்டு வாரியா? பையங்க பக்கம் நான் போக முடியாதுல்ல.”

“நான் என்ன அவனுக்கு வாட்ச்மேனா? பயந்தாங்கொள்ளி கூடயெல்லாம் நான் போக மாட்டேன். என் பேரு என்னாகுறது?”

இனிமேலும் மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஊசி என்ற சொல்லைக் கேட்டும் அய்யப்பன் அசையவில்லை. ஊசி ஒரு நிமிடம் வலிக்கும், மம்மி கழுத்தைப் பிடிக்கும் என்பது அவன் கணக்கு.

அன்று சாயங்காலம் அம்மா குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டு வந்த அய்யப்பன், உதவி செய்வதாக நினைத்துக் கருவாட்டுப் பானைக்குள் கையை விட்டான்.

“ஏலே! ஈரக் கைய எடு!” என்று அம்மா போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற கோழி ஓடியது. “கருவாட்டுல தண்ணி படலாமா? நமுத்துப்போயி புழு வச்சிரும்டா!”

நாகலெட்சுமி பானையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்து வீட்டிலிருந்த தங்கப்பாண்டியிடம் ஓடினாள்.

“அண்ணே, மம்மியை எப்படிச் செய்வாங்க?”

தெரிந்த கேள்வி வந்ததில் தங்கப்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். “கொடலை எடுத்துருவாங்க. ஒரு மாதிரி உப்புக்குள்ள பொதைச்சு நாப்பது நாள் காய வைப்பாங்க. அப்புறம் துணியைச் சுத்துவாங்க. அவ்வளவுதான்.”

“அப்ப கருவாடுதான?”

“ராஜாவைப் போயி கருவாடுங்குற!”

அதற்குள் நாகலெட்சுமி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

“அய்யப்பா, அவன் மூவாயிரம் வருசமாக் காஞ்ச கருவாடுடா. ஒரு மக்குத் தண்ணி ஊத்துனா முடிஞ்சது கதை. நமுத்துருவான்.”

அய்யப்பன் யோசித்தான். “அது அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாமயா பாலைவனத்துல போய்ப் படுத்திருக்கான்?”

“நம்ம ஊர்லயும்தான் தண்ணி இல்ல. இங்கன வந்துட்டா?”

கேள்வியில் நியாயம் இருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

“பள்ளிக்கூடத்துத் தொட்டியில இருக்குல்ல? மக்கு நெறய மோந்துக்க. கதவைத் திறக்கறதுக்கு முந்தி, ‘தண்ணி இருக்கு’ன்னு சத்தமாச் சொல்லு. அவன் ஓடிருவான்.”

“பின்னாடி வந்து பிடிச்சா?”

“அதுக்குத்தான் பாட்டில் தண்ணியைக் குடிக்கச் சொல்றது. குடிச்சா உள்ளயும் ஈரம். உன்னையத் தொட்டா அவன் கைதான் நமுக்கும்.”

அய்யப்பன் அங்கேயே ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தான்.

வியாழக்கிழமை அவன் மக்கோடு போய்க் கதவின் முன்னால் நின்றான். “தண்ணி இருக்கு!” என்று கத்தினான். உள்ளே போனான். முழுசாகத் திரும்பி வந்தான். அன்று பாட்டில் காலியாக வீட்டுக்கு வந்தது.

“தண்ணி லாரி வந்திருச்சு, குடத்தைக் கொண்டாங்க!” என்று மறுநாள் காலை தொட்டியடியில் தங்கப்பாண்டி தன் கூட்டாளிகளிடம் கத்தினான். “ஏலே அய்யப்பா, மம்மிக்குச் சோப்பும் போட்டு விடு!”

எல்லோரும் சிரித்தார்கள். அய்யப்பன் அதைக் கண்டுகொள்ளவில்லை. மக்கை இரண்டாவது முறை நிரப்புவதில் கவனமாக இருந்தான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியட். மைதானத்தில் ஒரு ஆள் இல்லை. கரும்பலகை துடைக்கும் துணியை அலச வந்த நாகலெட்சுமி, தொட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

தங்கப்பாண்டி விசில் அடித்துக்கொண்டு வந்தான். கழிப்பறைக் கதவைத் தள்ளினான். கதவு ‘கிரீச்’ என்றது. விசில் நின்றது.

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். தொட்டிக்கு வந்து மக்கில் தண்ணீர் மோந்தான். கொஞ்சம் யோசித்து மக்கை வைத்துவிட்டு, வாளியை எடுத்து விளிம்பு வரை நிரப்பினான். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் கதவின் முன்னால் நின்றான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, மிகவும் மரியாதையாகச் சொன்னான்:

“தண்ணி இருக்கு.”