இடப்பக்கம்

மாங்காய் வெட்டி முடித்து அரைமணி நேரமாகியும் ஹைமவதிக்கு அந்தச் சத்தம் நிற்கவில்லை. தலைக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டி, யாரோ கொட்டையோடு சேர்த்து வெட்டிக்கொண்டேயிருந்தார்கள்.

ஜன்னலில் கறுப்புப் போர்வை தொங்கியது. லூபஸ் நோய் வந்த மூன்று வருடமாக அவளுக்கு வெயில் ஆகாது. அதிலும் தெனாலியில் இது ரோகிணிக் கார்த்தி, கோடையின் உச்ச வெயில். கடுகுப்பொடியின் காரமும் நல்லெண்ணெய் வாசனையும் கதவு வழியாக வந்து, மூக்கில் ஏறி, புருவத்துக்குப் பின்னால் எப்போதும் வலிக்கும் இடத்தில் உட்கார்ந்தன. அந்த வலி பழகியதுதான். ஆனால் காலையிலிருந்து வலிப்பது அது இல்லை.

"அத்தம்மா, இன்னும் யார் வெட்டறாங்க?"

சோற்றுத் தட்டோடு வந்த மாமியார் மாணிக்யம்மா நின்று முறைத்தாள். "எல்லாம் பிசைஞ்சு ஜாடியில போட்டாச்சு. நாள் பாத்து வருதும்மா உன் தலைவலி! அறுபது காய் வெட்டுன எனக்கு வலிக்கல, படுத்துக் கிடந்த உனக்கு வலிக்குதா?"

ஹைமவதி தட்டைப் பார்த்தாள். வெறும் சோறு.

"புது ஆவக்காய் எனக்கில்லையா?"

"கண்ணு எங்க இருக்கு? சோத்துக்குப் பக்கத்துல என்ன கிடக்குதாம்?" மாணிக்யம்மா தட்டைத் திருப்பினாள். எண்ணெய் மிதக்கும் சிவப்புத் துண்டுகள் சட்டென்று வந்து நின்றன. இல்லாத இடத்திலிருந்து.

ஹைமவதி கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

புருஷன் சேஷகிரி சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாசலில் வந்து நின்றான். ஒரு கண். அரை மீசை. பாதி வாய். மற்ற பாதி இருட்டாகக்கூட இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை.

"என்னங்க... உங்க முகம் பாதிதான் தெரியுது. வலி மாறினா அன்னிக்கே வரணும்னு குண்டூர் டாக்டர் சொன்னாரே. இது வேற வலிங்க. இப்பவே போகலாம்."

பாதி வாய் சிரித்தது. "போன மாசமும் வேற வலிதான். ஸ்கேன்ல என்ன வந்துச்சு? ஒண்ணுமில்ல. அக்கா வீட்டுக்கு ஜாடியக் குடுத்துட்டு வந்துடறோம். நீ தூங்கு, வெளிய பூட்டிக்கறேன்."

"ஒருதடவை நம்புங்களேன்."

"ஆரம்பிச்சிட்டா" என்றாள் மாணிக்யம்மா கூடத்திலிருந்து.

பூட்டு விழுந்தது. பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. போனை எடுக்கலாமென்று திரும்பினாள். கட்டிலுக்கு இடப்பக்கம் மேஜை இருக்க வேண்டும். மேஜை இல்லை. சுவர் இல்லை. அந்தப் பக்கமென்றே ஒன்று இல்லை.

ஆனால் அங்கே யாரோ இருந்தார்கள்.

மூச்சை அடக்கிக் கேட்டாள். வெட்டும் சத்தம் நின்றிருந்தது.

வலது கையால் மெல்லத் தடவினாள். புடவை. வயிறு. அப்புறம், வயிற்றின்மேல், ஒரு கை.

கனமான, குளிர்ந்த கை. யாருடையதோ.

"யாரு?"

அவள் அலறினாள், அலறல் குழறிக்கொண்டு வந்தது. பூட்டிய வீட்டில் அவள் பக்கத்தில், அவள் கட்டிலில், யாரோ படுத்திருக்கிறார்கள். அந்த மணிக்கட்டைப் பிடித்து, இருந்த பலமெல்லாம் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே தள்ளினாள்.

அது விழுந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

சிமெண்டுத் தரை. வாயில் ரத்தம். எழ முடியவில்லை, ஏதோ ஒன்று அவளது பாதி உடம்பை அழுத்திப் பிடித்திருந்தது. கூடத்து வெளிச்சம் தரையில் நீளமாகக் கிடந்தது. கன்னம் தரையில் ஒட்டியிருக்க, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கையைப் பார்த்தாள்.

ஊதிய விரல்கள். நீலம் பாய்ந்த நகங்கள். ஒரு விரலில், சதைக்குள் புதைந்து, அவள் இடது கையில் போட்டிருந்த கல்யாண மோதிரம்.

விரல்கள் அசைந்தன. அவள் அசைக்கவில்லை.

ஒவ்வொன்றாக மடங்கி, விரிந்து, மெதுவாக அவள் முகத்தை நோக்கி வந்தன.