கூரையில் ஓடிய பந்து

வீட்டில் எல்லாரும் அவளை "ரிவர்ஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அண்ணன். காரணம், அப்பாவின் சலூன்.

சலூனின் பின்சுவரில் ஒரு விசித்திரமான கடிகாரம் மாட்டியிருக்கும். அதில் எண்கள் எல்லாம் இடம் வலம் மாறியிருக்கும். முள்ளும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். முடி வெட்டிக்கொள்கிறவர் பின்னால் திரும்பி மணி பார்க்க முடியுமா? காது போய்விடுமே! அவர் எதிரில் இருக்கும் கண்ணாடியில்தான் பார்ப்பார். கண்ணாடி எதையும் இடம் வலமாக மாற்றிக் காட்டும். ஏற்கெனவே மாறியிருக்கும் கடிகாரம் அதில் சரியாகத் தெரியும்.

அவள் மணி பார்க்கப் பழகியது அந்தக் கடிகாரத்தில்தான். அதுவும் கண்ணாடியில் பார்க்காமல், நேராகப் பார்த்து! முதல் வகுப்பில் டீச்சர் மணி கேட்டபோது, மதியம் மூன்று மணியை ஒன்பது என்று அடித்துச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. அன்று முதல் அவள் ரிவர்ஸ்.

அந்தப் பெயர் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் சில நாட்களாக அண்ணன் அவளை அப்படிக் கூப்பிடுவதே இல்லை. அதுதான் இப்போது அவள் கவலை.

அண்ணன் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தபோது தாறுமாறாக விழுந்துவிட்டான். முதுகெலும்பில் சின்ன விரிசல்.

"பயப்பட ஒண்ணுமில்ல, நல்லா ஆயிடும்" என்றார் டாக்டர். "ஆனா ஆடாம அசையாம மல்லாந்தே படுத்திருக்கணும். தலையணைகூட கூடாது."

அன்றிலிருந்து அண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். படுத்தபடி டி.வி. பார்த்தால் அதன் மேல் ஓரம் மட்டும்தான் தெரிந்தது. போனைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கை வலித்து, போன் நழுவி மூக்கில் விழுந்தது. இரண்டாவது முறையும் விழுந்ததும் போனைத் தூரத் தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வேணாம்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் அணிக்கு இறுதி ஆட்டம். நண்பனின் அக்கா அதைப் போனில் படம்பிடித்து நேரலையாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

"எப்படிப் பாக்கிறதாம்? மூக்காலயா?" என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான் அண்ணன்.

அன்று மாலை அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "சுவர்ல படம் காட்டுற புரொஜெக்டர் இருக்கு இல்ல? அதைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வெச்சா?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே எச்சரிக்கையும் வந்தது. "பெட்டி மேல போட்டிருக்கிறதைப் பார்த்து மயங்கிடாதீங்க. ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. இவளையும் கூட்டிட்டுப் போங்க. உங்களுக்குப் பேரம் பேசத் தெரியாது."

மறுநாள், ஒருவர் வீட்டுக்குப் போய் முடி வெட்டிவிட்டு அப்பா நேராகப் பள்ளிக்கு வந்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டியபடியே அவளைக் கடைக்கு அழைத்துப் போனார்.

கடையின் பின்பக்கம் ஓர் இருட்டு அறை. கடைக்காரர் வெள்ளை நிறப் புரொஜெக்டர் ஒன்றைத் தூக்கி வைத்தார். அதன் தலை கோழியின் கழுத்தைப் போல எல்லாப் பக்கமும் திரும்பியது.

"இதை மேல பார்த்தும் வைக்கலாம் சார். சூடாகாது. படமும் பளிச்சுன்னு இருக்கும்."

பளிச்சென்றுதான் இருந்தது. விலையைக் கேட்டதும் அப்பாவின் முகம்தான் மங்கிப்போனது.

"இதைவிடக் குறைஞ்ச விலையில?"

கடைக்காரர் ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டியை எடுத்து, சுவரில் படத்தை ஓடவிட்டார். "இது கைக்கு அடக்கமான விலை. இருட்டுல படம் நல்லாவே தெரியும். ஆனா ஒண்ணு சார், மறைக்காம சொல்லிடறேன். இதை நிமிர்த்தி வைக்கக் கூடாது. காத்து போற ஓட்டை பின்னாலதான் இருக்கு. நிமிர்த்தினா அது அடைபட்டுச் சூடேறி அணைஞ்சிடும். சுவருக்கு மட்டும்தான் சரிப்படும்."

அப்பா வெள்ளையைப் பார்த்தார். கறுப்பைப் பார்த்தார். மறுபடியும் வெள்ளையைப் பார்த்தார்.

"சரி, வெள்ளையே குடுங்க. நாற்காலியை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவளுக்குத் திக்கென்றது. சலூன் நாற்காலியின் பம்ப் கெட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. உயர்த்த முடியாத அந்த நாற்காலிக்காக அப்பா நாள் முழுக்கக் குனிந்து குனிந்து வெட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். புது நாற்காலிக்காகச் சேர்த்த பணம் அது. அண்ணன் முதுகுக்காக அப்பாவின் முதுகு போக வேண்டுமா?

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றாள்.

கறுப்புப் புரொஜெக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அதை நிமிர்த்தக் கூடாது. ஆனால் வெளிச்சத்தை நிமிர்த்தலாமே?

"அப்பா, உங்க பையில கைக்கண்ணாடி இருக்கா?"

"இல்லாம இருக்குமா?" முடி வெட்டி முடித்ததும் பின்னந்தலையைக் காட்டுவாரே, அந்தச் சதுரக் கண்ணாடியை அப்பா எடுத்துக் கொடுத்தார்.

அவள் அதைப் புரொஜெக்டரின் முன்னால் சாய்த்துப் பிடித்தாள். சுவரில் இருந்த படம் சட்டென்று காணாமல் போனது. "எங்கே போச்சு?" என்று கடைக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து தேடினார்.

"மேல பாருங்க!"

கூரையில் ஒரு கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"அடேங்கப்பா!" என்றார் கடைக்காரர்.

கண்ணாடியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அவள் தரையில் மல்லாந்து படுத்தாள். அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டாமா? படம் பெரிதாக இருந்தது, தெளிவாக இருந்தது. ஆனால் மூலையில் இருந்த எழுத்துகளை வாசிக்கவே முடியவில்லை. சட்டை எண்களும் ஏதோ புரியாத மொழியில் எழுதியதைப் போல இருந்தன.

"அட, எல்லாம் இடம் வலம் மாறிப்போச்சே" என்றார் அப்பா, அண்ணாந்து பார்த்தபடி. "வலது கால்ல உதைக்கிறவன் இடது கால்ல உதைக்கிறான். உங்க அண்ணன் இதைப் பார்த்தா குழம்பிடுவான்."

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "கண்ணாடின்னா அப்படித்தான் காட்டும். நல்ல யோசனைதான் பாப்பா. ஆனா வேலைக்கு ஆகாது."

அப்பாவின் கை மெல்ல வெள்ளைப் புரொஜெக்டரின் பக்கம் போனது. அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கூரையில் எல்லாரும் தப்புப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார்கள், சலூன் கடிகாரத்தின் முள்ளைப் போல.

சலூன் கடிகாரம்!

அவள் துள்ளி எழுந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், படம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே இதுக்குள்ள இடம் வலமா மாத்த முடியுமா? முதல்லயே மாத்திட்டா கண்ணாடி அதைத் திருப்பிச் சரியாக்கிடும். எங்க சலூன் கடிகாரம் அப்படித்தான்!"

கடைக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"இருக்கே! திரைக்குப் பின்னால இருந்து படம் காட்டுறவங்களுக்காக அப்படி ஒரு வசதி இருக்கே! இத்தனை வருஷமா விக்கிறேன், ஒருத்தரும் கேட்டதில்ல."

ரிமோட்டில் எதையெதையோ அழுத்தினார். கூரையில் படம் ஒரு முறை துடித்தது. அடுத்த நொடி எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக நின்றன.

"சரியா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அப்பாவும் தரையில் படுத்தார், கண்ணாடியை மேசையில் இருந்த ஒரு பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு. கடைக்காரரால் ஆசையை அடக்க முடியவில்லை. அவரும் படுத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஒரு பெண்மணி, தரையில் கிடந்த மூன்று பேரையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கடை திறந்திருக்குங்களா?" என்றார் தயக்கத்துடன்.

"திறந்துதாம்மா இருக்கு. வாங்க, நீங்களும் படுத்துப் பாருங்க!" என்றார் கடைக்காரர்.

கறுப்புப் புரொஜெக்டர்தான் வீட்டுக்கு வந்தது. பேரம் பேசவே வேண்டியிருக்கவில்லை. யோசனை சொன்னதற்காகக் கடைக்காரரே விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நாற்காலிக்குத் தேவையான பணம் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அப்பா வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. முடி வெட்டும்போது மேலே போர்த்துகிற கறுப்புத் துணிகளை எல்லாம் அப்பா ஜன்னலில் கட்டினார். அறை கும்மென்று இருட்டானது. கட்டிலின் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் புரொஜெக்டர், எதிரில் இரண்டு புத்தகக் கட்டுகளில் சாய்த்து நிறுத்திய கண்ணாடி.

"என்ன பண்றீங்க எல்லாரும்? எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றான் அண்ணன்.

"கண்ணை மட்டும் திற" என்றாள் அவள்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். அவன் தலைக்கு மேலே அவன் பள்ளி மைதானம் விரிந்து கிடந்தது. அவன் நண்பர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே, அவனுக்குப் பதிலாக வந்த பையன் நடுங்கிக்கொண்டு நின்றான்.

அண்ணன் கூரையையே வெறித்துப் பார்த்தான். அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். தங்கை அண்ணனின் முகத்தை எட்டிப் பார்த்தாள். பிடிக்கவில்லையோ?

பந்து கோலை நோக்கிச் சீறி வந்தது.

"டேய், முன்னால வாடா! கையை நீட்டு! நீட்டுடா!" வீடே அதிரும்படி கத்தினான் அண்ணன். பையன் பந்தைப் பிடித்துவிட்டான். "சபாஷ்! பாத்தியாம்மா? நான் சொன்னேன், பிடிச்சுட்டான்!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கதவில் சாய்ந்து, இத்தனை நாளும் நெஞ்சில் அடக்கி வைத்திருந்த மூச்சை எல்லாம் ஒன்றாக வெளியே விட்டார்.

அப்போதுதான் கூரையின் மூலையிலிருந்து ஒரு பல்லி புறப்பட்டு மைதானத்துக்குள் வந்தது. நடுவரின் மேல் ஏறி, இரண்டு பேரைத் தாண்டி, நேராகப் போய்க் கோல் கம்பங்களுக்கு நடுவே உட்கார்ந்தது. அப்பா துடைப்பத்தை எடுத்தார்.

"அதை விட்டுடுங்கப்பா!" அண்ணன் உடம்பை அசைக்காமல் விழுந்து விழுந்து சிரிக்கப் பார்த்தான். "அவன் ஒருத்தனால சமாளிக்க முடியாது. துணைக்கு இருக்கட்டும்."

பிறகு கையை மட்டும் நீட்டித் தங்கையின் பின்னலைப் பிடித்து இழுத்தான்.

"ஏய் ரிவர்ஸ், கண்ணாடியைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பு. என் தலைக்கு நேரா வரட்டும்."

அந்தப் பெயர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.