வெள்ளரிக் கொல்லைக்கு வந்த நரி

மாசி பிறந்தால் கொள்ளிடத்தில் தண்ணீர் ஓர் ஓரமாக ஒதுங்கிவிடும். மீதியெல்லாம் மணல்தான். ஸ்ரீரங்கத்துக் கரையை ஒட்டிய அந்த மணலில் பெரியண்ணன் வெள்ளரி போட்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் மகள் வள்ளிக்கண்ணு நேராக அங்கே காவலுக்குப் போய்விடுவாள்.

காவல் என்று பேர்தான். அவள் கண் இருந்ததெல்லாம் வேறு இடத்தில். தண்ணீரோரம் ஒற்றைக்காலில் நிற்கும் நாரையைப் பார்ப்பாள். ஆளைக் கண்டாலே ஊரைக் கூட்டும் ஆள்காட்டிக் குருவியைப் பார்ப்பாள். கரியெஞ்சின் ரயில் பாலத்தைக் கடந்ததும் நாணல் புதரிலிருந்து ஒரு நரி வரும். ஊற்றுக்குழியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடும். அதன் மடி பால் கட்டித் தொங்கியது. புதருக்குள் குட்டிகள் இருக்கத்தான் வேண்டும்.

முதலில் காய்த்த பிஞ்சுகளை மதுரைவீரன் சாமிக்கு என்று கொடியிலேயே விட்டிருந்தார்கள். ஒருநாள் வெயிலில் வந்த வள்ளிக்கண்ணு ஒன்றே ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். ஒன்றோடு நிற்கிற வாயா அது? எல்லாம் காலி.

அப்பா கேட்டதும், "நரி தின்னுட்டுப் போயிடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டாள். மணலில் நரியின் கால்தடம் இருந்ததால் அவரும் நம்பிவிட்டார்.

மறுநாள் பக்கத்துக் கொல்லை மூக்கனிடமிருந்து கம்பிக் கண்ணி வாங்கிவந்து, நரி வரும் தடத்திலேயே வைத்தார். இன்றைக்கு அதன் கழுத்து மாட்டிக்கொள்ளும் என்று மூக்கன் சிரித்தார்.

வள்ளிக்கண்ணுவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. தின்றது அவள், சாகப்போவது நரியா? உண்மையைச் சொன்னால் அப்பா என்ன நினைப்பார்? அதுவும் மூக்கன் மாமா முன்னால் எப்படிச் சொல்வது? அதற்குள் பாலத்தில் ரயில் கூவியது. நரி வரும் நேரம்.

"அப்பா, நரி தின்னல. நான்தான் தின்னேன். சாமிக்குன்னு தெரிஞ்சேதான் தின்னேன். அது பாவம்ப்பா, குட்டி போட்டிருக்கு."

மூக்கனின் சிரிப்பு நின்றது. அப்பா அவள் பக்கம் திரும்பாமலே கண்ணியைக் கழற்றி அவரிடம் நீட்டினார். நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அதன்பின் அப்பா முகத்தை அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் நரி வந்தது. தண்ணீர் குடித்தது. பிறகு கொடிக்குள் மூக்கை நுழைத்து, நிஜமாகவே ஒரு வெள்ளரிக்காயைக் கவ்வியது. பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிட்டு ஓடியது. வள்ளிக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டாள். உனக்காக மானத்தை விட்டேனே, இப்படியா செய்வாய் என்று முணுமுணுத்தாள்.

அப்பா வந்தார். பாதிக் காயைக் கையில் எடுத்து, யார் வேலை என்று கேட்டார். நரி என்று சொன்னால் மறுபடி கண்ணி வந்துவிடும்.

"நான்தாம்ப்பா" என்றாள், தலையைக் குனிந்தபடி.

அப்பா காயிலிருந்த பல் தடத்தைப் பார்த்தார். நாணல் புதர்வரை போயிருந்த நாலுகால் தடத்தையும் பார்த்தார். மகளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி கண்ணு," என்று காயை அவள் கையில் வைத்தார். "மிச்சத்தைக் கொண்டுபோய் உன் குட்டிங்களுக்குக் குடுத்துடு."