முதுகில் இறங்கிய ரத்தம்

1952. காலை ஆறரை. ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம். புகைக்கொட்டாயில் ரப்பர் ஷீட் காயப்போடும் கழியில் சன்னாசி தொங்கிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் நஸ்ருதீன் பிணத்தை இறக்கச் சொன்னார்.

"காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்டுக்காரனுங்களுக்கு அரிசி கொடுத்தான் ஐயா. மாட்டிக்குவோம்னு பயந்து ராத்திரி தொங்கிட்டான்" என்றான் கூலிகளை மேய்க்கும் மண்டோர் ஆறுமுகம். செத்தவன் அவனுடைய தங்கை புருஷன்.

"அண்ணன்கிட்ட யாரோ தப்பா சொல்லிட்டாங்க ஐயா!" தங்கை பஞ்சாலை அலறினாள். அரிசி கொடுத்தவன் பெண்டாட்டி என்று முடிவானால், கைக்குழந்தையோடு அவளைத் தடுப்பு முகாமுக்கு லோரி ஏற்றிவிடுவார்கள்.

"எப்ப வெளிய போனான்?"

"நேத்து பொழுது சாய. ஊரடங்கு வந்துருச்சு, யார் வீட்லயாவது படுத்துட்டாருன்னு நெனச்சேன்."

நஸ்ருதீன் குனிந்தார். கால்கள் வெளுத்திருந்தன. புரட்டினார். சட்டையில்லாத முதுகு முழுக்கக் கருஞ்சிவப்பு. நடுவே வலை மாதிரி வெள்ளைக் கோடுகள். விரலால் அழுத்தினார். நிறம் மாறவில்லை.

"இங்க எல்லாரும் எதுல படுப்பீங்க?"

"பலகையில பாய் போட்டுங்க. எங்கண்ணனுக்கு மட்டும் பிரம்பு பின்னின கட்டில். தொரை கொடுத்தது." அந்த நேரத்திலும் அவள் குரலில் சின்னப் பெருமை.

"காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தண்டவாளம் அடிக்கிறது யாரு?"

"நான்தான்" என்றான் ஆறுமுகம்.

"அதுக்காக ஊரடங்கு முடியறதுக்கு முன்ன வெளிய வர்ற பர்மிட்டும் உனக்கு மட்டும்தான் இல்லியா?"

ஆறுமுகம் தலையாட்டினான். நஸ்ருதீன் பிணத்தின் முதுகைக் காட்டினார்.

"செத்தவன் ரத்தத்துக்கு மிஞ்சுறது எடை மட்டும்தான். அதோட அணுவெல்லாம் தாழ்ந்த பக்கம் இறங்கும். நேரமானா உடைஞ்சு, உள்ள இருக்கிற செவப்புப் புரதம் சதையில ஊறிடும், அப்புறம் நகராது. தொங்கிச் செத்தவனுக்கு ரத்தம் கால்லதான் நிக்கணும். அது முதுகுக்கு ஏற, எடையே இல்லாத எடமா இது? பொழுது சாயக் கழுத்த நெரிச்ச. ஊரடங்குல பிணத்த வெளிய எடுக்க முடியல. ராத்திரி பூரா உன் கட்டில்ல மல்லாக்கக் கிடந்தான். பிரம்பு அழுத்தின எடத்துல மட்டும் ரத்தம் இறங்கல. விடியறதுக்கு முன்ன பர்மிட்ட வச்சு இங்க கொண்டாந்து தொங்கவிட்ட. செத்தவன் மேல பழி போட்டதப் பார்த்தா, அரிசி கொடுத்தது நீ."

"பார்த்துட்டான் ஐயா. போலீசுக்குப் போவேன்னான்." ஆறுமுகம் கையை நீட்டினான். விலங்கு பூட்டினார்கள்.

"ஒன்னை முகாமுக்கு அனுப்ப மாட்டாங்க, வீட்டுக்குப் போம்மா" என்றார் நஸ்ருதீன்.

பஞ்சாலை நகரவில்லை. "அண்ணனத் தூக்குல போட்ருவாங்களா?"

"ஆமா."

"நான் கட்டிலப் பத்திச் சொல்லாம இருந்திருந்தா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"வெறும் சந்தேகத்தோட நின்னு போயிருக்கும்" என்றபடி ஜீப்பில் ஏறினார்.