கரும்பச்சை ஃபியட்டின் இடது மட்கார்டு

விஜயதசமி, காலை ஏழு மணி. பட்டினப்பாக்கத்தில் சைக்கிளில் டீ விற்கும் கபாலியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் ஓடிய காரை இன்ஸ்பெக்டர் ஜானகி இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். இன்று குற்றவாளி தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"நான்தாம்மா இட்ச்சேன். எழுதிக்கோ."

ஜானகி பேனாவை மூடி வைத்தாள். வந்திருந்தவர் கரீமுல்லா. மயிலாப்பூரில் அவள் வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு பரத்வாஜ் மாமாவுடையது. அவருடைய டிரைவர். மழை நாளில் அவளைப் பள்ளிக்கூட வாசலில் நனையாமல் இறக்கிவிட்ட கரீம் பாய். மாமா காலமான பிறகும் அந்தக் கரும்பச்சை ஃபியட்டை விட்டுப் போகாதவர். கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கபாலியும் "பழைய பச்சை ஃபியட்டு" என்றுதான் சொல்லியிருந்தான். வேறு பச்சை ஃபியட் ஏதாவது இருந்து தொலைக்கக் கூடாதா என்று இல்லாத காரையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டாள்.

"எப்போ?"

"விடியக்காலைல. இருட்டு."

"எங்க போனீங்க?"

"சும்மா. காத்து வாங்க."

"வண்டியில எங்க அடி?"

"லெஃப்ட் மட்கார்டு. ஈக்காட்டுத்தாங்கல்ல டிங்கர், பெயிண்ட் எல்லாம் பண்ணியாச்சு. இப்போ பார்த்தா ஒண்ணும் தெரியாது."

"அதுக்கப்புறம் வண்டியை யார் தொட்டது?"

"ஒருத்தரும் கை வெக்கல. ஆயுத பூஜைக்கு நானே வாக்ஸ் போட்டேன். பம்பர்லேர்ந்து டிக்கி வரைக்கும் ஒரு இன்ச் விடல. இன்னா பாப்பா, நான் சொல்லிக்கினே கீறேன், நீ எழுத மாட்டேங்கிறியே?"

அவள் எழுதவில்லை. மஞ்சள் விளக்கு விழுந்தாலே வண்டியை நிறுத்துகிற மனிதர், ஒருவனை அடித்துப் போட்டுவிட்டு ஓடினாராம்! இதைக் கேட்டு நம்புவதற்கு அவளுக்கு இன்னும் காது குத்தாமல் இருந்திருக்க வேண்டும். யாருக்காகவோ பழியைச் சுமக்கிறார். விட்டால் ஜெயிலுக்கே போய்விடுவார்.

யாருக்காக? அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். மாமாவின் மனைவி விஜயலக்ஷ்மி, மகன் சாய்சரண். சாய்தான் என்று ஜானகி ஜீப்பில் ஏறும்போதே முடிவு கட்டிவிட்டாள். சின்ன வயதிலேயே ஜன்னலை உடைத்துவிட்டு அடுத்தவன் பந்து என்று சாதிக்கிறவன் அவன்.

ஒன்பது மணி. ஃபியட் போர்ட்டிகோவில் நின்றது. நேற்றைய பூஜையின் சாமந்தி மாலை கண்ணாடியில் வாடிக் கிடந்தது. சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். எல்லாப் பக்கமும் சந்தனம், குங்குமம். ஆனால் பானெட்டிலும் கதவுகளிலும் வைத்த சந்தனம் நிற்கவில்லை. வழுக்கி இறங்கிக் கோடு கோடாக வழிந்திருந்தது. இடது மட்கார்டில் வைத்தது மட்டும் நெற்றியில் இட்டதுபோல அப்படியே காய்ந்து பிடித்திருந்தது.

ஜானகி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனம் எங்கேயோ போய்விட்டது.

மாமா காலண்டரைப் பார்த்து வாக்ஸ் மெழுகு பூசுகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு குவளைத் தண்ணீரை பானெட்டில் ஊற்றுவார். யார் ஊற்றுவது என்று குழந்தைகளுக்குள் அடிதடியே நடக்கும். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் பழைய மெழுகுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பாய் விரித்தாற்போலப் படர்ந்தால் டப்பாவைத் திறக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மாமா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். மாமி ஈரக் கையோடு வந்து, தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இன்னும் தாங்கும்" என்பாள். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

கரீம் பாயிடம் டப்பா போனால் டயருக்கும் சேர்த்துப் பூசிவிடுவார் என்று மாமா அதைப் பூட்டியே வைத்திருந்தார். ஒருமுறை கதவு ஒன்றுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தபோது, அது நன்றாக உலர்ந்து மூச்சு விடட்டும் என்று இரண்டு மாதம் மெழுகே காட்டவில்லை. கரீம் பாய் தெரியாமல் பூசப் போய், மாமி போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும், இந்த உத்தியோகத்தையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஜானகிக்குத் தோன்றியது.

சாய்சரண் கையில் போனோடு வந்தான்.

"சாய், வாக்ஸ் டப்பா எங்கே இருக்கு?"

"என்ன டப்பா? என் காருக்கு கம்பெனியிலேயே கோட்டிங் போட்டாச்சு. இந்தப் பழசை வித்துடலாம்னா அம்மா கேட்டாத்தானே! நேத்து சந்தனம் வைக்கச் சொன்னா, வச்சேன். அதுவும் ஒட்டித் தொலைக்கல."

ஜானகி தோட்டத்துக் குழாயில் ஒரு குவளை பிடித்தாள். பானெட்டில் கொஞ்சம் ஊற்றினாள். தண்ணீர் மணி மணியாக உருண்டு நின்றது. மட்கார்டில் ஊற்றினாள். தட்டையாகப் படர்ந்து வழிந்தது.

நிமிர்ந்தாள். விஜயலக்ஷ்மி மாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கரீம் பாய் வாக்ஸ் போட்டிருந்தா மட்கார்டை விட்டிருக்க மாட்டார் மாமி. ஒரு இன்ச் விடலைன்னு என்கிட்டயே சொன்னார், மட்கார்டு விட்டுப்போனது அவருக்குத் தெரியவே தெரியாது. சாய்க்கு டப்பாவே தெரியாது. மத்த இடமெல்லாம் புதுசா பூசி, இதை மட்டும் காயட்டும்னு விட்டது நீங்க."

"பூசினா குத்தமா?" என்றான் சாய்.

"இல்லை. ஆனா கரீம் பாய் உன்னைக் காப்பாத்த வந்திருந்தா, அம்மா வாக்ஸ் போட்டதை ஏன் மறைக்கணும்? இவா வண்டிகிட்ட வந்ததே யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைச்சிருக்கார். அதான் அதையும் தன் தலையில போட்டுண்டார்."

"உளறாதே! அம்மாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது."

"தெரியும்டா," என்றாள் மாமி.

படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"விடிகாலம் அப்பா என்னை பட்டினப்பாக்கம் பீச்சுக்கு அழைச்சுண்டு போவார். நீங்கள்லாம் தூங்கிண்டிருப்பேள். திரும்பறச்சே ஸ்டியரிங்கை என்கிட்ட குடுத்துடுவார். அன்னிக்குத் தூக்கமே வரலை. அவர் கூப்பிடறாப்ல இருந்தது. சாவியை எடுத்துண்டு போயிட்டேன். எதிர்ல வந்த லைட்டு கண்ணைக் கூசித்து. சத்தம் கேட்டுது. நிறுத்தணும்னு தோணலைடி ஜானகி, ஆத்துக்கு ஓடி வந்துடணும்னுதான் தோணித்து."

"கரீம் பாய்க்குத் தெரியுமா?"

"அடியைப் பார்த்தான். ஒண்ணும் கேக்கலை. ரிப்பேர் ஷெட்டுல விட்டுட்டு வந்தான். இன்னிக்குக் காலம்பற தானே போறேன்னு கிளம்பினான். வேண்டாம்டான்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

ஜானகி குவளையைக் கீழே வைத்தாள்.

"அந்த மட்கார்டுலயும் ஒரு கை பூசியிருந்தா, எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது மாமி."

"துணியை எடுத்துண்டுதான் போனேன். மனசு வரலை. புதுப் பெயிண்ட், பாழாப் போயிடுமேன்னு…"

மாமி சட்டென்று நிறுத்தினாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று.

"பெயிண்டுக்கு மனசு வரலை. அந்தப் பிள்ளை ரோட்டுல கிடந்தானே, அவனைத் திரும்பிப் பார்க்க வந்துதா எனக்கு?"

சாய் வக்கீல் நம்பரைத் தேட ஆரம்பித்தான். "அதை உள்ளே வைடா," என்றாள் மாமி. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நான் எழுதித் தரேன். நீ உடனே போன் பண்ணி கரீமை விடச் சொல்லு. எந்த ஆஸ்பத்திரிடி? முதல்ல அங்கே போகணும்."

ஜானகி ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். பிறகு ஜீப்பின் கதவைத் திறந்தாள். படி உயரமாக இருந்தது. மாமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது ஜானகிக்கு. போட்டிருந்த காக்கி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஜீப் தெருமுனை திரும்பியது.

"அந்தப் பிள்ளை என்னோட பேசுவானோ?"

"தெரியலை மாமி. மூஞ்சியைத் திருப்பிக்கலாம். திட்டலாம்."

"திட்டட்டும்," என்றாள் மாமி. "அவன் போதும்னு சொல்றவரைக்கும் நான் அங்கேயே நிக்கறேன்."