நனையாத முதுகு

மாலை ஐந்தரைக்குப் பூட்டிய இழுப்பறை, ஆறே முக்காலுக்குத் திறந்தபோது காலியாகக் கிடந்தது. சிங்கப்பூரிலிருந்து புதுக் கபாயா சட்டை தைக்க வந்த நோர்லெலா, தன் அம்மா விட்டுப்போன, சட்டையின் முன்பக்கத்தில் குத்தும் மூன்று தங்க ஊக்குகளை அளவு பார்க்கக் கொடுத்துவிட்டுக் கடை கடையாகச் சுற்றப் போயிருந்தார். திரும்பி வந்தவர், விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதார். தையல்கடைக்காரி சலேஹாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போலீஸ் சார்ஜன் பத்ருல் ஈரக் குடையோடு வந்தார்.

"பூட்டு உடையல. சாவி எங்க இருக்கும்?"

"பிஸ்கட் டின்னுக்குள்ள சார்."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, என் தம்பி ஹைகலுக்கு, இங்க தைக்கிற சுமியாத்திக்கு."

"நீங்க எங்க போனீங்க?"

"கீழ நூல் வாங்க. இவதான் கடையில இருந்தா."

"தண்ணி புடிக்க ஒரு தடவ வெளிய போனேன்க்கா. அவ்வளவுதான்," என்றாள் சுமியாத்தி. லொம்போக் தீவிலிருந்து வேலைக்கு வந்தவள்.

"தம்பி?"

"அவனையா சார் கேக்குறீங்க? சிங்கப்பூர்ல வேல, டாலர் சம்பளம். இந்நேரம் எல்லைப் பாலத்துலதான் நிப்பான்." சொல்லும்போதே சலேஹாவின் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

சார்ஜன் ஜன்னலை எட்டிப் பார்த்தார். கீழே பாலத்துச் சாலையில் மோட்டார்கள் மழையில் ஊர்ந்தன. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வழக்கம்போல ஜெர்கினை முன்பின்னாக, ஜிப் முதுகுப்பக்கம் வரும்படி மாட்டியிருந்தார்கள். எதிர்காற்று நெஞ்சுக்குள் புகாது.

சற்று நேரத்தில் ஹைகல் சொட்டச் சொட்ட ஜெர்கினைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சரியான ஜாம்க்கா. மணிக்கணக்கா மழையில ஊறிட்டேன் லா!"

ஜெர்கினை நாற்காலியில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.

"சுமியாத்தி, ஸ்டேஷனுக்கு வா," என்றார் சார்ஜன். வழக்கு என்று வந்தால் வேலை அனுமதி போய்விடும், அடுத்த படகில் ஊர் திரும்ப வேண்டியதுதான். அவள் சலேஹாவைப் பார்த்தாள். சலேஹா தையல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடை வெறிச்சோடியதும் ஜெர்கினை உலர்த்த எடுத்தாள். தினமும் அதைத் துவைப்பவள் அவள்தான். பாலத்துப் புகையும் செத்த பூச்சியும் முதுகுப்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். இன்று ஜிப் பக்கம் பிழியலாம் போல ஈரம். முதுகுப்பக்கம் காய்ந்து மொறமொறவென்று இருந்தது.

துவைக்கும் இயந்திரத்தில் போட்டால் முழுக்க நனைந்துவிடும். யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஜெர்கினைச் சுருட்டிக்கொண்டாள், தேநீர்க்கடையிலிருந்த தம்பியின் கையைப் பிடித்தாள்.

ஸ்டேஷனில் ஜெர்கினை மேசையில் விரித்தாள்.

"எடுத்தது இவன்தான் சார். மழையில ஓட்டியிருந்தா முதுகுப்பக்கந்தான் மொதல்ல நனையணும். இவன் நேரா மாட்டிக்கிட்டுக் குழாய்த் தண்ணியத் தெளிச்சிருக்கான். பாலத்துப் பக்கமே போகல."

சார்ஜன் எல்லைக் குடிநுழைவுத் துறைக்குப் போன் போட்டார். ஹைகல் கடைசியாக எல்லை தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊக்குகள் அவன் மோட்டார் இருக்கைக்கு அடியில் கிடைத்தன.

"வேல போனத அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானடா?" என்றார் சார்ஜன்.

"எப்படி சார்? அக்கா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் டாலர் டாலர்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. மாசம் பொறந்தா அது கையில காசு குடுக்கணும்ல?"

திருடியது அவன்தான், ஆனால் அந்தப் பெருமையடிப்பு சலேஹாவுடையது.

சுமியாத்தி வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மன்னிச்சிரு சுமி. கடைக்குப் போவோம், வா."

"தம்பிய நம்புனீங்க, சரி. எனக்காக ஒரு வார்த்த பேசியிருக்கலாமே, மேடம்?"

நான்கு வருஷமாக அவள் சலேஹாவை அக்கா என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.